குறி பலித்துவிட்டால் என்ன செய்வது? ‘ஆஸ்டெரிக்ஸ் அண்ட் தி சூத்சேயர்’ குறித்து ஒரு விவாதம்

காட்டுப்பன்றிப் பிரியன் எழுதியது:

ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுச் சித்திரக்கதை வரிசையில் பத்தொன்பதாவதாக 1972இல் வெளிவந்த ‘ஆஸ்டெரிக்ஸ் அண்ட் தி சூத்சேயர்’ சித்திரக்கதையை நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலப் பதிப்பில்தான் படித்திருப்போம் என்பதால், பாத்திரங்களை அந்தப் பதிப்பின் பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன். கதை கி.மு. 50இல், கௌல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) ரோமருக்கு அடங்காத ஒரு சிற்றூரில் நடக்கிறது. அசுர பலம் தரும் மந்திர மருந்து காய்ச்சும் ட்ரூயிட் (கௌல் மக்களின் மதகுரு) கெட்டாஃபிக்ஸ், ட்ரூயிடுகளின் ஆண்டுக் கூட்டத்துக்காக வெளியூர் போயிருக்கிறார். இடியும் மின்னலுமாக மழை கொட்டுகிறது. வானம் இடிந்து தலையில் விழுந்துவிடுமோ என்று ஊரே தலைவரின் குடிசைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வேளையில், புரோலிக்ஸ் என்ற குறிசொல்லி வந்து நிற்கிறான். அவன் ஏமாற்றுக்காரன் என்பது வாசகருக்கு உடனே விளங்கிவிடுகிறது, கதைநாயகன் ஆஸ்டெரிக்ஸுக்கும் விளங்கிவிடுகிறது. மற்றவர்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள்.

போலிச் சாமியாரைப் பற்றிய நகைச்சுவைக் கதை என்றால், அவன் சொன்ன வாக்கு பொய்த்துப் போவதும், அதனால் குட்டு வெளிப்படுவதும்தான் வழக்கமான போக்கு. இந்தக் கதையிலோ, புரோலிக்ஸ் ஊர் முழுவதற்கும் பொதுவாகச் சொன்ன குறிகளில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. மழை ஓய்ந்தால் வானம் வெளுக்கும் என்கிறான், வெளுக்கிறது. சண்டை மூளும் என்கிறான், மூளுகிறது. தெய்வக் குற்றத்தால் ஊரின் காற்றே கெட்டுப்போகும் என்கிறான். குடலைப் புரட்டும் நாற்றம் ஊரைச் சூழ்கிறது. பலித்துக்கொண்டே இருக்கும் குறிகளை வைத்துக்கொண்டு கதாசிரியர் கோசினி ஒரு மூடநம்பிக்கை எதிர்ப்புக் கதையை எழுதியிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். இது கதையின் பலமா, ஓட்டையா? கடைசியில் புரோலிக்ஸ் பொய்யன் என்று ஊருக்குக் காட்டப்படும் விதம் உங்களுக்கு ஏற்புடையதாக இருந்ததா? எனக்குப் பல ஆண்டுகளாகவே அந்த முடிவின்மேல் ஒரு சந்தேகம் உண்டு.

மீன்கூடை எழுதியது:

பலம்தான் என்று தயங்காமல் சொல்வேன். அந்தச் சண்டைக் குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்ஹைஜினிக்ஸ் விற்கும் மீன் பழையதா புதியதா என்று யாராவது வாயெடுத்தால் அந்த ஊரில் அடிதடி நிச்சயம். எந்த இதழைப் புரட்டினாலும் இதைக் காணலாம். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் எல்லோரையும் ஒரே குடிசைக்குள் மழை அடைத்து வைத்திருக்கும் நேரத்தில், சண்டை வரும் என்று சொல்வதற்கு ஞானதிருஷ்டி எதற்கு? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றுகூட இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் இங்கே பனம்பழம் தினமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஊரார் தங்கள் அன்றாடப் பழக்கத்தையே ஒரு அந்நியன் வாயால் கேட்டதும் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் நகைச்சுவை இருக்கிறது.

அந்தக் காட்சியில் ஓவியர் ஊடெர்சோ செய்திருக்கும் ஒரு குறும்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடல் பார்த்துக் குறி சொல்ல ஏதாவது ஒரு பிராணி வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. ஆஸ்டெரிக்ஸின் நண்பன் ஒபெலிக்ஸ் தன் நாய்க்குட்டியைக் காப்பாற்ற முறைத்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் மீன் கிடைக்கிறது. மீனை அறுக்கும் அந்தக் கட்டத்தில் ஊடெர்சோ, ரெம்பிராண்ட் 1632இல் தீட்டிய ‘டாக்டர் துல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்’ ஓவியத்தை அப்படியே ஊர்க்காரர்களை வைத்து வரைந்திருக்கிறார். மூல ஓவியத்தில் கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக இருக்கும் கனவான்கள், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலைச் சுற்றிக் குனிந்து நிற்பார்கள். துல்ப் இடுக்கியால் கையின் தசைநாரைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். இங்கே உடலுக்குப் பதிலாக மீன். மருத்துவருக்குப் பதிலாகப் புரோலிக்ஸ். அறிவியல் பாடத்தின் சின்னமாகவே பெயர்பெற்ற ஓர் ஓவியத்தின் அமைப்பை மூடத்தனத்தின் உச்சக் கட்டத்துக்குப் பயன்படுத்தியிருப்பதைக் கவனியுங்கள். துல்ப்பைச் சுற்றி நிற்பவர்களும் புரோலிக்ஸைச் சுற்றி நிற்பவர்களும் ஒரே ஆர்வத்தோடுதான் கழுத்தை நீட்டுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர்கள் கதைக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். கொஞ்சம் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் கோசினி எவ்வளவு படித்துவிட்டு எழுதியிருக்கிறார் என்பது தெரியும்.

முதலாவது, வானம் இடிந்து விழும் என்ற அச்சம். இது சிரிப்புக்காகக் கற்பனை செய்யப்பட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கி.மு. 335இல் தன்யூபு ஆற்றங்கரையில் மகா அலெக்சாந்தரைப் பார்க்க வந்த, கௌல் மக்களின் இனத்தாரான கெல்ட் தூதர்களிடம், நீங்கள் உலகில் எதற்கு மிகவும் அஞ்சுகிறீர்கள் என்று அவன் கேட்டான். தன் பெயரைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவனுக்கு, வானம் எங்கள்மேல் விழுந்துவிடுமோ என்பதைத் தவிர வேறு அச்சமில்லை என்ற பதில் கிடைத்தது. பண்டைய கிரேக்க ஆசிரியர்களான அரியனும் ஸ்திராபோவும் இதைப் பதிந்திருக்கிறார்கள். வீரத்தைக் காட்டுவதற்காகச் சொல்லப்பட்ட அந்தப் பதிலை, கோசினி அதன் சொல்லுக்குச் சொல் பொருளில் எடுத்துக்கொண்டு ஓர் ஊரையே மேசைக்கு அடியில் பதுங்க வைத்துவிட்டார்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கௌல் மக்களிடையே தனி மதிப்புப் பெற்ற மூன்று வகுப்பினர் இருந்தார்கள் என்கிறார் ஸ்திராபோ: பாடல் புனையும் பாணர்கள், வேள்வியும் நிமித்தமும் பார்க்கும் ‘வாத்தெஸ்’ என்ற குறிகாரர்கள், நீதியும் தத்துவமும் அறிந்த ட்ரூயிடுகள். நம் சித்திரக்கதை ஊரைப் பாருங்கள். பாணன் இருக்கிறான், அவன் பாட வாயைத் திறந்தால் கட்டிப்போடுகிறார்கள் என்பது வேறு விஷயம். ட்ரூயிட் இருக்கிறார். நிமித்தம் பார்ப்பவன் மட்டும் இல்லை. காலியாகக் கிடக்கும் அந்த மூன்றாவது நாற்காலியில்தான் புரோலிக்ஸ் வந்து உட்காருகிறான். ட்ரூயிடுகள் ஆண்டுக்கு ஒருமுறை கார்னூட் இனத்தாரின் நிலப்பகுதியில் கூடுவார்கள் என்று சீசரே தம் போர்க்குறிப்புகளின் ஆறாம் நூலில் எழுதியிருப்பதால், கெட்டாஃபிக்ஸ் ஊரில் இல்லாமல் போவதற்குக் கதாசிரியர் புதிதாக ஒரு காரணத்தைத் தேட வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

ரோமர்கள் இதில் எந்த வகையிலும் மேலானவர்கள் அல்லர். குடல் பார்த்துக் குறி சொல்லும் கலையை அவர்கள் இத்தாலியின் பழைய இனத்தாரான எத்ருஸ்கர்களிடமிருந்து கற்றார்கள். இத்தாலியில் பியாசென்சாவுக்கு அருகே 1877இல் ஓர் உழவர் வயலில் கண்டெடுத்த வெண்கல ஆட்டு ஈரல் இன்றும் இருக்கிறது. ஒரு சாணுக்கும் குறைவான அந்த ஈரலின் மேற்பரப்பு முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தெய்வத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பலியிட்ட ஆட்டின் ஈரலில் எந்த இடத்தில் மறு இருக்கிறதோ, அந்த இடத்துத் தெய்வம் பேசுகிறது என்று பொருள். ஒரு குடல்குறிகாரன் இன்னொரு குடல்குறிகாரனை எதிரே கண்டால் எப்படிச் சிரிக்காமல் போகிறான் என்று ரோம அரசியல்வாதி மூத்த காத்தோ வியந்ததாக, பின்னாளைய ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். அந்தச் சிசரோவே அரசு நியமித்த நிமித்திகர் குழுவில் ஓர் உறுப்பினர் என்பதுதான் வேடிக்கை. புரோலிக்ஸைப் பிடிக்கும் ரோமப் படை, தன் ஊரில் இதே தொழிலை அரசுப் பதவியாக வைத்திருந்தது.

மழைக்குருவி எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்களின் ‘காலி நாற்காலி’ விளக்கம் அருமை. ஆனால் அந்த நாற்காலியை எடுத்துப் போட்டுக் கொடுப்பவர் இம்பெடிமென்டா என்பதை யாரும் பேசாமல் விட்டுவிட்டீர்கள்.

தலைவரின் மனைவி அவர். மழை நின்றதும் புரோலிக்ஸ் கிளம்பிப் போகப் பார்க்கிறான். அவனைக் காட்டில் தங்க வைத்து, ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தடை போட்டு, ஊராரை ஒவ்வொருவராக அவனிடம் அனுப்பும் ஏற்பாடு முழுவதும் அவருடையதுதான். இதை வைத்து இந்த இதழ் பெண்களை மூடநம்பிக்கைக்காரர்களாகக் காட்டுகிறது என்று சிலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். பாதிதான் உண்மை. அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சித்திரக்கதைகளில் பெண்களுக்குக் கிடைத்த இடம் அடுப்படியும் வாய்ச்சண்டையும்தான். ஆஸ்டெரிக்ஸும் அதற்கு விலக்கில்லை. ஆயினும் இந்த இதழில் இம்பெடிமென்டா ஏமாறும் விதம் மற்றவர்களின் விதத்திலிருந்து வேறுபடுகிறது. மற்றவர்கள் இடிக்குப் பயந்து நம்புகிறார்கள். அவர் எதிர்காலத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு நம்புகிறார். லுட்டீசியாவில் (இன்றைய பாரிஸ்) வசதியாக வாழும் தம் சகோதரனைப் போலத் தம் கணவரும் முன்னுக்கு வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு எல்லா இதழ்களிலும் உண்டு. நாலு குடிசையும் ஒரு மீன்கடையும் உள்ள ஊரில் அந்த ஆசையைக் காது கொடுத்துக் கேட்பவன் ஒருவன்கூட இல்லை; முதன்முதலாகக் கேட்டவன் புரோலிக்ஸ். அவன் சொன்ன குறி அவருக்கு இரண்டாம்பட்சம் என்றே நினைக்கிறேன்.

மேலும், காட்டுக்கு ஒளிந்து ஒளிந்து போகும் வரிசையில் ஆண்களும் இருக்கிறார்கள். மற்றவர்களை ஒதுக்கிவிட்டு இம்பெடிமென்டாவை மட்டும் ஏமாளி என்று சுட்டுபவர்கள் அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டியிருக்க வேண்டும்.

நூலகத் தூசி எழுதியது:

மழைக்குருவி சொன்னது உளவியல் ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, பின்னர் ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலன் அறிக்கை என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள்; அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். பிறர் உங்களை விரும்ப வேண்டும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள், வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறீர்கள் என்பது போன்ற, யாருக்கும் பொருந்தும் வாக்கியங்கள் அவை. பொதுவான ஒன்றைத் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ளும் வேலையைக் கேட்பவரே செய்துவிடுகிறார்.

காட்டில் நடக்கும் வியாபாரத்தையும் கவனித்தீர்களா? கூலி பணமாகக் கேட்கப்படுவதில்லை. குடல் பார்க்க ஒரு பிராணி வேண்டும் என்ற சாக்கில் ஊரிலுள்ள தின்பண்டமும் குடிபானமும் அவனிடம் வந்து சேர்கின்றன. குறி பார்க்கப்பட்ட பொருள் பிறகு எங்கே போகிறது என்று கேட்பாரில்லை. பசியோடு ஊர் சுற்றும் ஒருவனுக்கு இதைவிடக் கச்சிதமான தொழில் அமையாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த இடத்தில் புரோலிக்ஸுக்கு முன்னோடியான ஓர் உண்மை மனிதனை நினைவூட்டுகிறேன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், கருங்கடலின் தென்கரையில் இருந்த அபோனூதைகஸ் என்ற ஊரில், அலெக்சாந்தர் என்பவன் கிளைக்கோன் என்ற பாம்புத் தெய்வத்தை ‘பிறக்க’ வைத்தான். அவனை நேரில் பார்த்த எழுத்தாளர் லூசியன், அவன் செய்த தந்திரங்களை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார். குடைந்தெடுத்த வாத்து முட்டைக்குள் ஒரு பாம்புக் குட்டியை வைத்து மூடி, கட்டப்பட்டுக்கொண்டிருந்த கோயிலின் அடித்தளச் சேற்றில் இரவோடு இரவாகப் புதைத்துவிட்டு, மறுநாள் கூட்டத்தின் முன்னால் அதை எடுத்து உடைத்துக் காட்டினான். சில நாட்கள் கழித்து, மங்கலான அறையில் ஒரு பெரிய பழக்கப்பட்ட பாம்பை மடியில் சுற்றி வைத்துக்கொண்டு, அதன் தலையைக் கக்கத்தில் மறைத்து, துணியால் செய்து வர்ணம் தீட்டிய மனிதச் சாயலுள்ள ஒரு தலையை வெளியே நீட்டிக் காட்டினான். மக்கள் ஒரு வாசலில் நுழைந்து, நின்று பார்க்க நேரமில்லாமல், மறு வாசலில் தள்ளப்பட்டார்கள்.

கேள்விகளை மெழுகு முத்திரையிட்ட சுருளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சூடாக்கிய ஊசியால் முத்திரையின் அடி மெழுகை இளக்கிப் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டி, பதிலோடு திருப்பித் தருவான். ஒரு பதிலுக்கு ஒரு திராக்மாவும் இரண்டு ஓபோலும் கட்டணம். லூசியன் ஒரு சுருளில், அலெக்சாந்தரின் புரட்டு எப்போது வெளிப்படும் என்று எழுதி, பிரிக்க முடியாதபடி முத்திரையிட்டுக் கொடுத்தார். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு செய்யுள் திரும்பி வந்தது. நேரில் சந்தித்தபோது முத்தமிட நீட்டிய கையை லூசியன் கடித்தும் வைத்தாராம். ஆஸ்டெரிக்ஸ்கூட அவ்வளவு தூரம் போகவில்லை.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தன்யூபுப் போரின்போது, இரண்டு சிங்கங்களை ஆற்றில் இறக்கினால் மாபெரும் வெற்றி கிட்டும் என்று அலெக்சாந்தர் குறி சொன்னான். சிங்கங்கள் நீந்தி அக்கரை சேர்ந்தன; எதிரிகள் அவற்றைத் தடியால் அடித்துக் கொன்றார்கள்; ரோமப் படையில் இருபதாயிரம் பேர் அளவில் மாண்டார்கள் என்கிறார் லூசியன். தெய்வம் வெற்றி என்றுதான் சொன்னதே தவிர, யாருக்கு வெற்றி என்று சொல்லவில்லை என்று அலெக்சாந்தர் சமாளித்தான். அவன் செல்வாக்கு குறையவில்லை. கிளைக்கோன் வழிபாடு அவன் காலத்துக்குப் பிறகும் நீடித்தது. 1962இல் ருமேனியாவின் கான்ஸ்டன்சா நகரில் தோண்டியபோது, மனிதச் செவியும் கூந்தலும் கொண்ட கிளைக்கோனின் பளிங்குச் சிலை ஒன்று கிடைத்தது. பொய்த்த குறியால் ஒரு குறிசொல்லி அழிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதனால்தான், குறி பொய்ப்பதை வைத்துக் கதையை முடிக்காமல் விட்ட கோசினியின் போக்கு சரியானது என்கிறேன்.

காட்டுப்பன்றிப் பிரியன் எழுதியது:

நான் எழுப்பிய கேள்வியின் முதற்பாதிக்கு ஏட்டுச்சுவடி அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். ரோம முகாம் காட்சியைப் பேசாமல் மேலே போக மனம் வரவில்லை.

கௌல் நாட்டுக் குறிசொல்லிகளைக் கைது செய்ய வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. ஆகவே பிடிபட்ட புரோலிக்ஸ், வாழ்நாளில் முதன்முறையாகத் தான் ஒரு ஏமாற்றுக்காரன் என்ற உண்மையைச் சொல்லித் தப்பிக்க முயல்கிறான். சோதனைக்காகப் பகடை உருட்டுகிறார்கள். என்ன எண் விழும் என்று கேட்டதும், தவறாக வர வேண்டுமே என்ற தவிப்போடு ஏழு என்கிறான். ஏழுதான் விழுகிறது. இரண்டு பகடையில் மற்ற எந்தக் கூட்டுத்தொகையைவிடவும் ஏழு விழுவதற்கே வாய்ப்பு அதிகம், ஆறில் ஒன்று என்பது அந்தப் பாவிக்குத் தெரியவில்லை. இரண்டையோ பன்னிரண்டையோ சொல்லியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பான்.

அவன் உண்மையான குறிசொல்லியாக இருந்தால் ஏழு விழும் என்பதை முன்னதாகவே அறிந்து, வேண்டுமென்றே வேறு எண்ணைச் சொல்லி விடுதலை பெற்றிருக்க வேண்டும். ஆகவே சரியான எண்ணைச் சொன்னதுதான் அவன் போலி என்பதற்கு அத்தாட்சி. இந்த வாதத்தை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் தலை சுற்றும். ஆனால் ரோம முகாமை நடத்தும் நூற்றுவர் தலைவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவனுக்குத் தேவை, அடங்காத அந்த ஊரைக் காலி செய்ய ஒரு கருவி. கருவி கிடைத்துவிட்ட பிறகு அது அசலா போலியா என்று ஆராய அவனுக்கு விருப்பமும் இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதற்கு நேர்மாறான சோதனை ஒன்று ரோம வரலாற்றாசிரியர் தாசிதஸின் நூலில் வருகிறது. ரோட்ஸ் தீவில் ஒதுங்கி வாழ்ந்தபோது, பின்னாளில் ரோமப் பேரரசனான திபேரியஸ், தன்னிடம் வரும் சோதிடர்களைக் கடலோரப் பாறை உச்சியிலிருந்த வீட்டுக்கு வரவழைப்பான். அறியாமையோ புரட்டோ உண்டென்று சந்தேகம் தோன்றினால், திரும்பும் வழியில் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அவர்களைக் கடலில் தள்ளிவிடுவான். திராசில்லஸ் என்பவனிடம், உன் சொந்த ஜாதகத்தில் இன்றைய நாள் எப்படி இருக்கிறது என்று கேட்டான். கணக்குப் போடப் போட திராசில்லஸின் உடல் நடுங்கியது. என் உயிருக்கே ஆபத்தான ஒரு கண்டம் நெருங்கியிருக்கிறது என்றான். திபேரியஸ் அவனைக் கட்டித் தழுவிக்கொண்டு, கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டான். திராசில்லஸ் மெய்யன் என்று காட்டி உயிர் தப்பினான்; புரோலிக்ஸ் பொய்யன் என்று காட்டித் தப்ப வேண்டியிருந்தது. அந்தப் பாறையையும் தன் முன்னே நிற்பவனின் முகத்தையும் பார்த்த எவனும் அன்று கண்டம் என்றுதான் சொல்லியிருப்பான் என்பது என் எண்ணம்.

மீன்கூடை எழுதியது:

சரி, முடிவுக்கு வருவோம். சுருக்கமாக நினைவூட்டுகிறேன். ரோமர்கள் திருப்பி அனுப்பிய புரோலிக்ஸ், ஊர் நாறப் போகிறது என்று பயமுறுத்துகிறான். ஊரார் படகேறி அருகிலுள்ள தீவுக்கு ஓடுகிறார்கள். ரோமர்கள் ஊரைப் பிடிக்கிறார்கள். ஊர் திரும்பும் கெட்டாஃபிக்ஸ் எதையெதையோ கலந்து ஒரு கொடிய நாற்றத்தைக் கிளப்பி ரோமர்களை விரட்டுகிறார். இதனால் புரோலிக்ஸின் குறி பலித்ததாக ஆகிவிடுகிறது! புரோலிக்ஸே திகைத்துப்போய், ஒருவேளை தனக்கு உண்மையிலேயே அந்தச் சக்தி இருக்கிறதோ என்று நினைக்கத் தொடங்குகிறான். தீவிலிருந்து திரும்பிய இம்பெடிமென்டாவின் நம்பிக்கையோ முன்பைவிடக் கெட்டிப்படுகிறது.

என் குறை இதுதான். கெட்டாஃபிக்ஸ் அறிவாளி என்று பெயரெடுத்தவர். குறிசொல்லி சொன்ன அதே நாற்றத்தை உண்டாக்கினால் அவன் வாக்குக்குத் தாமே சான்று கொடுத்ததாகிவிடும் என்பது அவருக்குத் தோன்றாமல் போனது எப்படி? ரோமர்களை விரட்ட அவருக்கு ஆயிரம் வழி இருக்கிறதே.

நூலகத் தூசி எழுதியது:

அவருக்கு அது தோன்றாமலில்லை. குறியைப் பலிக்க வைத்து அவர்களை அவர்கள் வலையிலேயே சிக்க வைப்பதுதான் அவருடைய விளையாட்டு என்று நான் படித்தேன். நூற்றுவர் தலைவன் நாற்றம் வரும் என்பதை ஒரு புளுகாகச் சொல்லச் சொன்னான். புளுகு நிஜமாகி மூக்கைத் துளைக்கும்போது அவன் முகம் போகிற போக்குக்காகவே அந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது. ஊராரின் நம்பிக்கை இறுகியது பக்க விளைவு. மருந்து கொடுப்பவருக்குப் பக்க விளைவு பழகிய ஒன்றுதானே!

இதே கதையை வேறொரு இதழோடு கலந்து 1989இல் ஓர் அசைபடம் எடுத்தார்கள். அதில் கெட்டாஃபிக்ஸ் ஒபெலிக்ஸின் பாறையால் அடிபட்டு நினைவிழந்த நிலையில் ஊரிலேயே இருக்கிறார். ஏட்டுச்சுவடி அவர்களின் ‘காலி நாற்காலி’ இதனால் குழம்பிப்போகிறது. ட்ரூயிட் நல்லறிவோடு வெளியூரில் இருப்பதுதான் கதைக்குப் பொருத்தம்.

காட்டுப்பன்றிப் பிரியன் எழுதியது:

இப்போது என் பழைய சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். கெட்டாஃபிக்ஸ் இறுதியாக வகுக்கும் திட்டம், ஆண்களும் பெண்களும் எல்லோருமாக மருந்தைக் குடித்துவிட்டு, புரோலிக்ஸ் தங்கியிருக்கும் ரோம முகாமைத் திடீரென்று தாக்குவது. குறிசொல்லிக்கு வருவது தெரியும் என்றால் இதுவும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, ஆகவே பொய்யன். இதை ஒரு நிரூபணமாக என்னால் ஏற்க முடியவில்லை. அன்று நான் ஈரல் பார்க்கவில்லை என்று சொன்னால் போதுமே. அபோனூதைகஸ் அலெக்சாந்தர் இருபதாயிரம் பேர் செத்த பிறகே சமாளித்தவன். நாலு அடி வாங்கிய புரோலிக்ஸால் சமாளிக்க முடியாதா?

மழைக்குருவி எழுதியது:

தர்க்கமாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் யாருக்கு நிரூபிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதுவரை இம்பெடிமென்டா, தமக்கு என்ன நேரப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர். நிகழ்வதெல்லாம் வெளியிலிருந்து அவர்மேல் வந்து விழுபவை: மழை, சண்டை, நாற்றம், பணக்கார வாழ்வு. அந்தத் தாக்குதல்தான் இந்தக் கதையில் அவரே முடிவெடுத்து, அவரே மருந்தைக் குடித்து, அவரே கையை ஓங்கிச் செய்யும் முதல் காரியம். காலையில் எடுத்த முடிவு அது. எந்த மீனின் வயிற்றிலும் அது இருந்திருக்க முடியாது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். எதிரே நிற்கும் புரோலிக்ஸின் முகத்தில் உள்ள அதிர்ச்சியைப் பார்க்கிறார். அவனுக்குச் சாக்குச் சொல்ல அவகாசம் கிடைப்பதற்குள் அடி விழுகிறது. அவன் பேச வாய் கிடைத்திருந்தால் நீங்கள் சொன்ன சாக்கைச் சொல்லியிருப்பான், அவரும் நம்பியிருக்கலாம். அலெக்சாந்தருக்கு அந்த அவகாசம் கிடைத்தது, ஏனென்றால் அவன் போர்க்களத்திலிருந்து வெகுதொலைவில் தன் கோயிலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தான்.

பெண்களைப் படையோடு அனுப்பியது சிரிப்புக்காகச் சேர்த்த இணைப்பு என்று நான் நினைக்காததற்கும் இதுவே காரணம். வழக்கம்போல ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் மட்டும் போய் முகாமைத் துவம்சம் செய்துவிட்டு வந்திருந்தால், இம்பெடிமென்டா வீட்டிலிருந்தபடி இன்னொரு விளக்கத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

காட்டுப்பன்றிப் பிரியன் எழுதியது:

இதை ஏற்றுக்கொள்கிறேன். ரோமர் பக்கத்திலும் அதே கணக்குதான் என்று இப்போது படுகிறது. நூற்றுவர் தலைவன், கௌல் முழுவதையும் வென்றாகிவிட்டது என்று மேலிடத்துக்கு மார்தட்டிக்கொண்டவன். அதை நேரில் பார்க்க ரோமிலிருந்து தூதர் வந்து சேரும்போது முகாம் தரைமட்டமாகக் கிடக்கிறது. அவன் பதவி போகிறது. இவன் ஏன் எங்களை எச்சரிக்கவில்லை என்று புரோலிக்ஸ்மேல் பாயும்போது, அவனுக்கும் குறிசொல்லி தேவைப்படாமல் போய்விடுகிறது. தேவை தீர்ந்ததும் நம்பிக்கை தீர்கிறது.

ஒன்று மட்டும் மிச்சம். ஊரார் உண்மையில் திருந்தினார்கள் என்று யாராவது நினைக்கிறீர்களா?

மீன்கூடை எழுதியது:

குறிசொல்லி விஷயத்தில் திருந்தியிருக்கலாம். மூன்று ஆண்டுகள் கழித்து 1975இல் வந்த ‘தி கிரேட் கிராசிங்’ இதழை எடுத்துப் பாருங்கள். மருந்து காய்ச்சுவதற்குக் கெட்டாஃபிக்ஸ் நல்ல மீன் கேட்கிறார். கடல் அலை கூப்பிடு தூரத்தில் அடிக்கும் அந்த ஊரில், அன்ஹைஜினிக்ஸ் விற்கும் மீன் லுட்டீசியாவிலிருந்து மாட்டு வண்டியில் வருகிறது என்பது அங்கேதான் வெளிப்படுகிறது. தரமான சரக்கு தலைநகரத்து மொத்த வியாபாரியிடம்தான் கிடைக்கும் என்பது அவன் கொள்கை. இத்தனை ஆண்டுகளாக அந்த நாற்றத்துக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட ஊரார், வலையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகாமல் மறுநாளும் அதே கடைக்குத்தான் போகிறார்கள். கடைசியில் ஆஸ்டெரிக்ஸும் ஒபெலிக்ஸும் தோணி எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.